தவறுக்கு வருந்துகிறோம்

சென்ற வாரம் மட்டக்களப்பிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். ஆசிரியராகக் கடமையாற்றி இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிக் கொண்டிருப்பவர். சுகநலம் விசாரித்து முடிந்ததும் அவர் விடயத்துக்கு வந்தார்.

"மச்சான், நீ சீனி வருத்தத்துக்கு ஒரு நாட்டு வைத்தியரிட்டப் போனியாம், குளிசை எல்லாத்தையும் விட்டுட்டியாம் எண்டு கேள்விப்பட்டன். அவர்ர நம்பரை ஒருக்காத் தா."

அவர் கேள்விப்பட்டதில் பொய் எதுவும் இல்லை. நான் போனது உண்மை. குளிசைகளை விட்டதும் உண்மை. ஆனால் கதையின் முற்பாதி மட்டுமே மட்டக்களப்பு வரை சென்றிருக்கிறது. அதற்கும் நானே பொறுப்பாளி. முற்பாதியை நான் மகிழ்ச்சியோடு கண்டவர் நின்றவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிற்பாதியை வீட்டாரைத் தவிர வேறு எவரிடமும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்த ஒருவன் பாதிச் செய்தியை வெளியிட்டுவிட்டு மீதியை மறைத்தது முறையல்ல. "விபரமாக எழுதுகிறேன்" என்று நண்பருக்குச் சொன்னேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

எனக்கு நீரிழிவு இருப்பது 2009 ஆம் ஆண்டு, நாற்பதாவது வயதில் தெரியவந்தது. அந்த ஆண்டின் முதற்பாதியில் இரவும் பகலும் செய்தி மேசையிலேயே கழிந்தன. வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகளை வாசித்தவர்களுக்கு உறக்கம் வந்திருக்க நியாயமில்லை. தாகமும் களைப்பும் அடிக்கடி சலம் போவதும் அந்த அலைச்சலின் விளைவு என்றே நினைத்தேன். பரிசோதித்த வைத்தியர், "உங்கள் தகப்பனாருக்கு இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். மெற்போமின் குளிசை எழுதித் தந்தார்.

அப்பா ஒரு தபாலதிபர். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து நீரிழிவு நோயாளி. இன்சுலின் ஊசி ஏற்றிக்கொள்பவர். 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மருந்துகளும் அருகின. இன்சுலின் கிடைத்த நாட்களில் அதைக் குளிராக வைக்கக் குளிரூட்டி இல்லை. அம்மா ஒரு மண்பானையில் ஈரமணல் நிரப்பி, அதனுள் சிறு போத்தலைப் புதைத்து வைப்பார். கிடைக்காத நாட்களே அதிகம். 1993 இல் அப்பாவின் வலது காலில் ஒரு முள் குத்தி, அது புண்ணாகிப் பெருத்தது. நான் அப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன். அப்பாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வலிகாமத்தில் எமது ஊர்ப் பரியாரியாரிடம் போவேன். பரியாரியார் வேப்பம்பட்டை அவித்த நீரால் புண்ணைக் கழுவி, மத்தன் தைலத்தில் சீலையை நனைத்துக் கட்டுவார். பத்தியம் கடுமையானது. நான்கு மாதங்களில் புண் ஆறியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்பாவும் அந்தக் காலாலேயே நடந்தார்.

இந்த நினைவு எனக்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைச் சொன்னால்தான் பின்னர் நான் செய்தது விளங்கும். "ஆங்கில மருந்து கைவிட்டபோது எங்கள் மருந்து கைகொடுத்தது" என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு.

பதின்மூன்று ஆண்டுகள் குளிசைகளோடு ஒருவாறு காலம் போனது. கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போவேன். விடியற்காலையில் இலக்கம் எடுத்து, கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்தபடி வாங்கில் நான்கு மணித்தியாலம் காத்திருந்தால், வைத்தியரை மூன்று நிமிடம் காணலாம். அவர் கொப்பியைப் பார்ப்பார், என்னைப் பார்க்க நேரம் இருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் இருந்தனர். ஆனால் இரவில் உள்ளங்கால்கள் நெருப்பில் வைத்தது போல எரிகின்றன என்பதைச் சொல்ல ஒவ்வொரு மாதமும் எண்ணிப் போய், சொல்லாமலே திரும்பி வந்தேன்.

பின்னர் 2022 வந்தது. அந்த ஆண்டைப் பற்றி இலங்கை வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மார்ச் மாதம் மருந்து விலைகள் 29 வீதத்தால் உயர்த்தப்பட்டன. ஏப்ரல் இறுதியில் இன்னொரு முறை உயர்ந்தன. கிளினிக்கில், "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தரத் தொடங்கினார்கள். வெளியில் மருந்துக்கடைக்காரர், "இந்தக் கிழமை பத்துக் குளிசைதான் தரலாம்" என்றார். பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு. சில நாளிதழ்கள் அச்சை நிறுத்தின, எமது பத்திரிகை பக்கங்களைக் குறைத்தது, சம்பளமும் குறைந்தது. எரிவாயு வரிசையில் மனைவி, பெற்றோல் வரிசையில் நான். அப்பாவின் காலத்து இன்சுலின் பானை அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் பண்டாரவளையிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் எனக்கு ஒரு மரக்கோப்பையைப் பரிசளித்தார். கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்தது. இரவில் நீரூற்றி வைத்து, காலையில் செந்நிறமாக மாறிய அந்நீரைக் குடிக்கவேண்டும். அவரே ஒரு வைத்தியரின் தொலைபேசி எண்ணையும் தந்தார். புறநகர் ஒன்றில் ஒரு மாடிக் கட்டடத்தில் அவரது நிலையம் இருந்தது. சுவரில் சான்றிதழ்கள் பல தொங்கின. அவற்றுள் எது அரசாங்கப் பதிவு, எது அவரே அச்சடித்தது என்று நான் பார்க்கவில்லை. செய்தியாளன் ஒருவன் முதலில் பார்க்கவேண்டியது அதனைத்தான்.

அவர் என்னோடு ஒரு மணித்தியாலம் பேசினார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். உள்ளங்கால் எரிவைப் பற்றி நான் வாய்திறக்க முன்னரே கேட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். யுத்தத்தைப் பற்றிக் கேட்டார். "உங்களுடைய நோய்க்குக் காரணம் சீனி அல்ல; பதின்மூன்று வருடமாக நீங்கள் விழுங்கிய இரசாயனம்" என்றார். கண்கலங்கிவிட்டேன். யாரோ ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டார் என்ற ஆறுதலில், அவர் சொன்னது சரியா பிழையா என்று யோசிக்கும் புத்தி மங்கிவிட்டது. கறுப்பு நிறத்தில் மிளகளவு உருண்டைகள் ஒரு போத்தல் தந்தார். போத்தலில் பெயரோ உள்ளடக்கமோ ஒட்டப்பட்டிருக்கவில்லை. இரவுச் சோறு கூடாது, சீனி கூடாது, பனங்கட்டி மட்டும் ஆகும், ஆங்கிலக் குளிசை அன்றே நிறுத்தவேண்டும் என்பன நிபந்தனைகள். அவர் வாங்கிய தொகை மெற்போமினுக்கு ஓராண்டில் நான் செலவழிப்பதிலும் அதிகம். கடன்பட்டுக் கொடுத்தேன்.

நான்கு கிழமைகளின் பின், மே மாத இறுதியில் வெறும்வயிற்றில் இரத்தம் பரிசோதித்தேன். ஏப்ரலில் 168 ஆக இருந்தது 126 ஆகக் குறைந்திருந்தது. உடல் நிறையும் நான்கு கிலோ குறைந்திருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நண்பர்களுக்குச் சொன்னேன். இப்படித்தான் மட்டக்களப்புக்கும் செய்தி போயிருக்கும். வைத்தியரின் எண்ணைக் குறைந்தது ஒன்பது பேருக்குக் கொடுத்திருப்பேன்.

அந்த 42 புள்ளிகள் எங்கே போயின என்பதை இப்போது கணக்குப் பார்க்கிறேன். அந்த மாதம் முழுவதும் எனது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை, ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர், காலையில் நடந்தேன்; பல நாட்கள் மாலையிலும் நடந்தேன். இரவுச் சோற்றை விட்டேன். சீனி விலை ஏறியதால் வெறுந்தேநீரும் குறைந்தது. நீரிழிவு நோயாளி ஒருவரை இப்படி ஒரு மாதம் நடக்கவைத்து, உணவைக் குறைத்தால், அவருக்குக் கறுப்பு உருண்டைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை கொடுத்தாலும் அளவு குறைந்தே இருக்கும். நடையின் புகழ் போத்தலுக்குப் போயிற்று. உருண்டைக்குள்ளும் ஏதாவது இருந்திருக்கலாம். மூலிகை என்று விற்கப்படும் நீரிழிவு மருந்துகளில் கிளிபென்கிளமைட் போன்ற ஆங்கில மருந்தையே இரகசியமாகக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எனது போத்தலில் என்ன இருந்தது என்பது அதைத் தந்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஜூன் நடுப்பகுதியில் எரிபொருள் முற்றாக இல்லாமற் போனபோது எம்மை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். நடை நின்றது. பசியைத் தணிக்கப் பனங்கட்டியோடு தேநீர் குடித்தேன். அது "ஆகும்" என்று சொல்லப்பட்டதல்லவா? பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியாகவே போய்ச் சேரும் என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்தது. பரிசோதனைப் பட்டிகளின் விலை மும்மடங்காகியிருந்ததால் வீட்டில் அளவு பார்ப்பதையும் நிறுத்தினேன்.

ஆனால் ஒரு மாற்றம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஜூலையில் உள்ளங்கால் எரிவு நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக இரவில் கால்களை ஈரத்துணியில் சுற்றிப் படுத்தவன் அமைதியாக உறங்கினேன். தொலைபேசியில் வைத்தியருக்கு அறிவித்தேன். "நச்சு இறங்கிவிட்டது" என்றார். வீட்டில் அன்று பாயாசம் வைத்தோம் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு மனைவியோடு யாழ்ப்பாணம் சென்றேன். கொரோனாக் காலத்துக்குப் பின்னர் மக்கள் பெருந்திரளாகக் கூடிய திருவிழா அது. தேரன்று மேலாடை களைந்து, வெறுங்காலுடன் வெளிவீதியில் நின்றேன். வெயில் ஏறி மணல் கொதித்தது. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நிழலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. எனக்குச் சுடவில்லை. நல்லூரானின் அருள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாட் காலை மனைவி படுக்கை விரிப்பை மாற்றும்போது அழைத்தார்.

"இஞ்சேருங்கோ, விரிப்பில கால்மாட்டில என்ன இது, மஞ்சளாய் ஈரமாய்க் கிடக்கு? காலைக் காட்டுங்கோ பாப்பம்."

இடது உள்ளங்காலில் விரல்களின் அடியில் தோல் கொப்புளித்து உரிந்து, நடுவிரலின் கீழ் ஒரு புண் கறுத்திருந்தது. மணம் வந்தது. எனக்கு நோவு துளியும் இல்லை. மனைவி வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றார். நான், "அப்பாவின்ர காலை ஆத்தின இடம் இருக்கேக்க ஏன் ஆசுப்பத்திரி?" என்று சொல்லி, ஊர்ப் பரியாரியார் வீட்டுக்கு முச்சக்கர வண்டியில் போனேன்.

அப்பாவுக்கு மருந்து கட்டிய பரியாரியார் காலமாகிவிட்டார். அவருடைய மகன்தான் இப்போது வைத்தியம் பார்க்கிறார். எழுபதைக் கடந்தவர். தகப்பனாரின் கீழ் இருபது ஆண்டுகள் பயின்று, அரசாங்கப் பதிவும் பெற்றவர். திண்ணையில் அமர்த்தி நாடி பார்த்தார். காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். பின்னர் ஒரு கோழியிறகை எடுத்து என் பாதத்தில் அங்குமிங்கும் தொட்டு, கண்ணை மூடச்சொல்லி, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். என்னால் ஓரிடத்தையும் சொல்ல முடியவில்லை.

"தம்பி, எரிவு எப்ப நிண்டது?"

"ஒரு மாதமாகுது ஐயா. நல்லாச் சுகம் வந்திட்டுது எண்டு நினைச்சன்."

"சுகம் வரேல்லை. நரம்பு செத்துப்போச்சு. எரியுமட்டும் அதுக்கு உயிர் இருந்தது."

அவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் அப்பாவின் கதையை நினைவூட்டினேன். மத்தன் தைலத்தைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"உம்மட அப்பாவுக்கு எங்கட ஐயா மருந்து கட்டினது உண்மைதான். அண்டைக்கு ஊசிமருந்து இல்லை, கரண்ட் இல்லை, வேற வழியில்லாமல் கட்டினவர். கட்டின நாலு மாதமும் அந்தக் கால் போயிடுமோ எண்டு அவர் நித்திரை கொள்ளேல்லை. அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியாது. அதே மாதிரிப் புண்ணோட வந்து செத்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஊசிமருந்து கிடைச்சிருந்தா முதல் வேலையாய் அவரே அனுப்பியிருப்பார். இல்லாத காலத்து வைத்தியத்தை இருக்கிற காலத்தில கேக்காதையும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிடும். நாளைக்கு எண்டு வையாதையும்."

காசு கொடுக்க எடுத்தேன். வாங்க மறுத்தார். எழுந்து நின்றபோது சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்துக் காட்டினார். "நானும் பிரஷருக்குக் குளிசை போடுறன். இதில வெக்கம் என்ன?" என்றார்.

யாழ். போதனா வைத்தியசாலையில் அன்று மாலையே அனுமதிக்கப்பட்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. பரிசோதனை 10.9 என்றது. மார்ச் மாதம் அது 7.4 ஆக இருந்தது. நோய்க்கிருமி விரலின் எலும்புவரை சென்றுவிட்டது. மூன்றாம் நாள் இடது காலின் நடுவிரலை அகற்றினார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த நெருக்கடியான மாதங்களிலும், கையுறையையும் மருந்துச் சீலையையும் எண்ணி எண்ணிச் செலவழித்த அந்த விடுதியில், தாதியர்கள் முகம் சுளிக்காமல் தினமும் எனது புண்ணைக் கழுவினார்கள். வயதிற் குறைந்த பெண் வைத்தியர் ஒருவர், "ஐயா, அந்தக் கறுப்புக் குளிசையின் பெயர் என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "யார் தந்தது?" சொன்னேன். "அவருக்குப் பதிவு இலக்கம் உண்டா?" தெரியாது என்றேன். இவ்வளவு வினாக்களுக்குத் "தெரியாது" என்று பதில் சொன்ன செய்தியாளன் ஒருவனின் செய்தியை நான் ஒருபோதும் பிரசுரித்திருக்க மாட்டேன்.

படுக்கையில் கிடந்த நாட்களில் வாசிக்கத் தொடங்கினேன். முதலில் எனது மரக்கோப்பையைப் பற்றித் தேடினேன். கொத்தலஹிம்புட்டு வெறும் மூடநம்பிக்கை அல்ல. அதன் வேரிலும் தண்டிலும் இருந்து சலாசினோல், கொட்டலனோல் என்ற இரு பொருட்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990 களின் பிற்பகுதியில் பிரித்தெடுத்தனர். இவை குடலில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. அக்கார்போஸ் என்ற குளிசை செய்யும் வேலையும் இதுவே. 2005 இல் இலங்கை ஆய்வாளர்கள் இந்தத் தாவரம் கலந்த தேநீரை நோயாளிகளிடம் முறைப்படி பரீட்சித்து முடிவை வெளியிட்டனர். பலன் இருந்தது, ஆனால் எச்.பி.ஏ.வன்.சி. குறைந்த அளவு ஏறக்குறைய அரைப் புள்ளிதான். என்னுடையது மூன்றரைப் புள்ளி ஏறியிருந்தது. கைப்பிடி வாளித் தண்ணீரால் அணைக்கக்கூடிய நெருப்பு அதுவல்ல. மேலும், மரக்கோப்பையில் ஊறும் நீரில் மருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை யார் அளப்பது? புதுக்கோப்பை ஒருவிதம், ஆறு மாதக் கோப்பை இன்னொருவிதம்.

இன்னொரு செய்தியும் என்னைத் தலைகுனிய வைத்தது. "இரசாயனம்" என்று நான் வீசியெறிந்த மெற்போமினின் பூர்வீகமும் ஒரு மூலிகையே. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் பயன்பட்ட கலேகா என்ற செடியில் இருந்த பொருளை ஆராய்ந்து போன வழியிலேயே அது உருவானது. 1957 இல் பிரான்சிய வைத்தியர் ஜோன் ஸ்ரேன் அதை நீரிழிவுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். ஆக, இரண்டும் செடியிலிருந்து வந்தவைதாம். ஒன்றில் எவ்வளவு இருக்கிறது, எவருக்கு ஆகாது, சிறுநீரகம் பழுதானவருக்கு எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. மற்றதில் அது எழுதப்படவில்லை. இயற்கை, செயற்கை என்பதைவிட இந்த வேறுபாடே முக்கியமானது. அளக்காமல் விழுங்குவதில் உள்ள ஆபத்தும் கற்பனையல்ல. 2004 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத மருந்துகளை ஆராய்ந்தவர்கள் 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டார்கள்.

இதனை எழுதுவதால் சித்த வைத்தியத்தை நான் இகழ்வதாக எவரும் கொள்ளவேண்டாம். பரராசசேகரமும் செகராசசேகரமும் யாழ்ப்பாண அரசர் காலத்து எமது சொத்துகள். அதே மண்ணில்தான் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். இரண்டு மரபுகளையும் தமிழில் வாசித்த சமூகம் நாங்கள். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சுதேச வைத்தியர்களைப் பதிவுசெய்கிறது, யாழ். பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. என்னை உரிய இடத்துக்கு அனுப்பியவரும் ஒரு சித்த வைத்தியரே. தன் வைத்தியத்தின் எல்லை எது என்று தெரிந்திருந்ததே அவருடைய பெருமை. மாடிக் கட்டடத்துக்காரருக்கு எல்லை என்ற ஒன்றே இருக்கவில்லை.

இனி நான் எழுத மிகவும் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன்னர், நான்கு ஆண்டுகள் எமது ஞாயிறு இதழின் சுகாதாரப் பக்கம் எனது பொறுப்பில் இருந்தது. மூலிகைக் குறிப்புகளுக்கு வாசகர் கூட்டம் அதிகம். "நீரிழிவுக்கு முற்றுப்புள்ளி", "குளிசை இனி வேண்டாம்", "ஆவாரசு இருக்கப் பயமேன்" என்றெல்லாம் தலைப்பிட்டவன் நானேதான். கட்டுரையாளர் "உதவக்கூடும்" என்று எழுதியிருப்பார். தலைப்புக்குள் "கூடும்" அடங்காது, இடம் போதாது, நான் அதை வெட்டிவிடுவேன். சுகமடைந்து அலுவலகம் திரும்பிய பின், நூலகத்தில் பழைய கட்டுகளை இறக்கி எண்ணிப் பார்த்தேன். ஆதாரம் எதுவுமின்றி நோயைத் தீர்ப்பதாகச் சொன்ன ஆக்கங்கள் முப்பத்தொன்று.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு ஒரு பாணி மருந்து என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, அதைப் பெரிதாக்கிய ஊடகங்களை நான் கடுமையாக விமர்சித்தேன். அதனை அருந்திக் காட்டிய சுகாதார அமைச்சர் அடுத்த மாதமே தொற்றுக்கு ஆளானதை எள்ளலோடு பேசினேன். எனது முப்பத்தொரு ஆக்கங்கள் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் வவுனியாவிலிருந்து ஓர் அம்மா அடிக்கடி தொலைபேசி எடுப்பார். கட்டுரையில் வந்த வைத்தியரின் எண் வேண்டும். கணவருக்குக் கடுமையான சீனி வருத்தம். பக்கத்தில் போட்ட குடிநீரைக் கொடுக்கிறேன், ஊசியை நிறுத்தலாமா என்று கேட்பார். அச்சுக்குப் பக்கம் போகும் அவசரத்தில் நான் எண்ணைச் சொல்லி, "வைத்தியரையே கேளுங்கோ அம்மா" என்று வைத்துவிடுவேன். ஏழெட்டுத் தடவைகள் பேசியிருப்பார். பின்னர் அழைப்பு நின்றுவிட்டது. கணவருக்குச் சுகம் வந்ததால் நின்றதா, வேறு காரணத்தால் நின்றதா என்பது எனக்குத் தெரியாது. அப்போது அதை யோசிக்கவும் இல்லை. எனது கால் எரிவு நின்றதைப் போலவே அதையும் எடுத்துக்கொண்டேன்.

திருத்தம் ஒன்று வெளியிடலாமா என்று ஆசிரிய பீடத்தில் கேட்டேன். பெயர் மாறி அச்சான மரண அறிவித்தலுக்கும், தவறிய விளையாட்டு முடிவுக்கும் "தவறுக்கு வருந்துகிறோம்" என்று இரண்டு வரி போடுகிறோம் அல்லவா? "பத்து வருடத்துக்கு முந்தியதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?" என்று கேட்டு விட்டுவிட்டார்கள். கோபிக்க எனக்கு உரிமையில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தபோதும் அதையே சொல்லியிருப்பேன். ஆகவே அந்த இரண்டு வரியை இங்கே எழுதிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் குளிசையையோ ஊசியையோ நிறுத்திய எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால்: அந்தத் தலைப்புகளுக்கு ஆதாரம் இருக்கவில்லை. தவறுக்கு வருந்துகிறேன்.

மட்டக்களப்பு நண்பருக்கு நான் கொடுத்த பதிலோடு முடிக்கிறேன். நண்பரே, அந்த எண்ணை நான் தரப்போவதில்லை. நாட்டு வைத்தியரிடம் போக விரும்பினால் போங்கள். ஆனால் அவருடைய பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் வைத்தியருக்குத் தெரியாமல் எதையும் விழுங்காதீர்கள். மூன்று நிமிடம் போதாவிட்டால், கேட்கவேண்டியதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், துண்டைப் பார்த்த பின் அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "ஆங்கிலக் குளிசையை இன்றே நிறுத்து" என்று எவர் சொன்னாலும், அன்றே எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள். கோவில் வெளிவீதியில் தடித்த காலுறையோடு நில்லுங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.

நான் இப்போது இன்சுலின் ஏற்றுகிறேன். கடந்த மாத அளவு 7.1. காலையும் மாலையும் நடக்கிறேன், இம்முறை சப்பாத்தோடு. மரக்கோப்பையில் பேனைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பரியாரியார் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் இருந்துவிட்டு வருவேன். சென்ற முறை போனபோது, எதுவும் பேசாமல் எனது காலைத் தூக்கி மடியில் வைத்து, கோழியிறகால் தொட்டுப் பார்த்தார். குதியில் ஓரிடத்தில் தெரிவதுபோல இருந்தது. சொன்னேன்.

"உண்மையாவோ, எனக்காகச் சொல்லுறீரோ?" என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் தொடச் சொன்னேன்.